சம்ப் போதுமா, ரெஃப்யூஜியமும் வேண்டுமா? நாலடிக் கடல்நீர்த் தொட்டிக்கு ஓர் ஒப்பீடு

கடல்நீர்த் தொட்டி வைக்கத் துணிந்தவர்கள் எந்த மீன் வாங்குவது என்பதில் அதிகம் தடுமாறுவதில்லை. ஸ்டாண்டுக்குள் என்ன வைப்பது என்ற இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். சம்ப் என்பது ஸ்டாண்டுக்குள் வைக்கும் வடிகட்டும் கீழ்த்தொட்டி, ரெஃப்யூஜியம் அதற்குள் விளக்குப் போட்டுப் பாசி வளர்க்கும் அறை. சென்னை கொளத்தூர் பக்கம் ஒரு கடையில் "சம்பே வேண்டாம் சார், பின்னாலேயே ஃபில்டர் வருது" என்பார்கள். அடுத்த கடையில் சம்ப் இல்லாமல் கடல் மீனைத் தொடவே கூடாது என்பார்கள். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்தால் ரெஃப்யூஜியம் இல்லாத தொட்டியே தொட்டி இல்லை என்று தோன்றிவிடும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத் தொட்டி வைக்கும் பெரும்பாலோருக்கு முதல் வருஷம் சாதா சம்ப் போதும். அதில் நடு அறை ஒன்றைக் காலியாக விட்டு வைக்க வேண்டும். ரெஃப்யூஜியம் தேவைப்பட்டால் பிறகு அங்கே வரட்டும். இந்த முடிவு யாருக்குப் பொருந்தாது என்பதையும் கீழே சொல்லியிருக்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

கடையில் லிட்டரையும் வாட்டையும் வைத்து ஒப்பிடுவார்கள். வீட்டில் தூக்கத்தைக் கெடுப்பவை வேறு.

முதலாவது கரண்ட் கட். கரண்ட் போனால் மேலிருந்து எவ்வளவு தண்ணீர் கீழே இறங்கும்? அதற்குக் கீழே இடம் இருக்கிறதா? கரண்ட் திரும்பி வந்ததும் ஆள் தொடாமலே எல்லாம் பழையபடி ஓடுமா? இது நடக்கிற அன்று நீங்கள் ஊரில் இருக்க மாட்டீர்கள் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள்.

இரண்டாவது ஆவியாதல். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே தங்கிவிடும். 35 பிபிடியில் (ஆயிரத்தில் 35 பங்கு) இருந்த சாலினிட்டி, அதாவது உப்பளவு, சத்தமில்லாமல் ஏறும். மே மாதத்தில் தொட்டியைக் குளிர வைக்க மேலே ஃபேன் மாட்டினால் இன்னும் வேகமாக ஏறும். கடலோர ஊர்களில் காற்றே ஈரமாக இருப்பதால் ஃபேன் தரும் குளிர்ச்சியும் குறைவு.

மூன்றாவது தீனி. நீங்கள் போடும் ஒவ்வொரு சிட்டிகையும் கடைசியில் நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் தண்ணீரில் நிற்கும். ஒரு ஜோடி கோமாளி மீனுக்கும், தினம் மூன்று வேளை தின்னும் டாங், ஏஞ்சல் கூட்டத்துக்கும் ஒரே வடிகட்டல் போதாது.

பிறகு சத்தம். ஹாலில் வைத்தால் சமாளிக்கலாம், படுக்கையறை என்றால் இது முதல் இடத்துக்கு வந்துவிடும். வாரத்துக்கு எவ்வளவு நேரம் கையை நனைக்கத் தயார் என்பதும், இபி பில்லும் மிச்சம். பில்லுக்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு: 24 மணி நேரமும் ஓடும் ஒவ்வொரு 10 வாட்டுக்கும் இரண்டு மாத பில்லில் 14 யூனிட் சொச்சம் ஏறும்.

கல் பவளங்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. மன்னார் வளைகுடாக் கரையில் செத்துக் கிடக்கும் பவளக் கல்லாக இருந்தாலும் தொட்டிக்கு என்று எடுத்து வரக்கூடாது. லைவ் ராக்குக்கு (உயிர்கள் ஒட்டிய கடல் கல்) பதிலாகச் செயற்கைக் கல்லோ பீங்கான் கல்லோ போட்டு, அதில் பாக்டீரியா ஊறும்வரை பொறுத்திருப்பதே வழி. இதைச் சொல்லக் காரணம், ரெஃப்யூஜியம் பகுதியில் இந்தக் கல் விஷயம் மறுபடி வரும்.

## ஒன்று: சம்ப் இல்லாத பின்னறைத் தொட்டி

கண்ணாடித் தொட்டியின் பின்பக்கத்தில் கறுப்புத் தடுப்பு போட்டு, அதற்குள்ளேயே பஞ்சு, மீடியா (வடிகட்டும் பொருள்), சின்ன ஸ்கிம்மர் (நுரை கட்டி அழுக்கைப் பிரிக்கும் கருவி), பம்ப் எல்லாம் அடங்கிவிடும். ஆல்-இன்-ஒன் என்று விற்பது இதைத்தான்.

இதன் பெரிய பலம் கரண்ட் கட்டில் தெரியும். பம்ப் நின்றால் பின்னறையின் மட்டம் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். தரைக்கு வர வழியில்லை. குழாய், துளை, வால்வு எதுவும் கிடையாது. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும், வருஷத்துக்கு ஒருமுறை வீடு மாற்றுபவர்களுக்கும் இது பெரிய நிம்மதி.

பலவீனமும் அதே அடக்கத்தில்தான் இருக்கிறது. தண்ணீர் குறைவு, அதனால் எல்லாமே வேகமாக மாறும். மதியம் அறை சூடானால் தொட்டியும் உடனே சூடாகும். உள்ளே ஓடும் பம்பின் வாட் முழுக்கத் தண்ணீரிலேயே சூடாக இறங்கும். பின்னறையின் கடைசிக் கட்டம் நாலு விரல் அகலம்தான் இருக்கும் என்பதால், ஒரு நாள் தண்ணீர் விடாவிட்டால் பம்ப் காற்றை இழுத்துக் கரகரக்கும். அடியில் தேங்கும் கசடை எடுக்கக் கை நுழையாது, டியூப் விட்டு உறிஞ்ச வேண்டும்.

100 லிட்டருக்குள், ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு கோபி, ஒரு சுத்தம் செய்யும் இறால் என்றால் இதையே வாங்குங்கள். சம்ப் பற்றி யோசிக்கவே வேண்டாம். நாலடித் தொட்டியைச் சம்ப் இல்லாமல், பக்கவாட்டில் தொங்கும் ஸ்கிம்மர் ஒன்றை மாட்டி ஓட்டுவது மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ஓடத்தான் செய்யும். ஆனால் ஹீட்டரோ சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) குழாயோ எல்லாம் மீனோடு சேர்ந்து கண்ணாடிக்குள் தெரியும், தொங்கும் ஸ்கிம்மர் என்றைக்காவது பொங்கினால் நுரை நேரே சுவரில் வழியும்.

## இரண்டு: சாதா சம்ப்

மேல்தொட்டியின் மேல்மட்டத் தண்ணீர் சீப்புப் பல் வழியாக ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள் விழுந்து, குழாயில் இறங்கி, கீழே உள்ள கண்ணாடித் தொட்டிக்கு வருகிறது. அங்கே சாக் (வடிகட்டும் துணிப் பை), ஸ்கிம்மர், குமிழ்த் தடுப்பு எல்லாம் தாண்டி ரிட்டர்ன் பம்ப் வழியாக மேலே ஏறுகிறது. இதன் உண்மையான லாபம் வடிகட்டல் அல்ல. மேல்தொட்டியின் மட்டம் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும், மொத்தத் தண்ணீர் கூடும், கருவிகள் கண்ணில் படாது. இந்த மூன்றுக்காகத்தான் சம்ப்.

### தரை நனையுமா என்ற கணக்கு

4 × 2 அடித் தொட்டியில் ஓர் இன்ச் உயரத் தண்ணீர் என்பது சுமார் 19 லிட்டர். இந்த ஓர் எண்ணை மனதில் வைத்தால் போதும்.

கீழே 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் சம்ப் என்று வைப்போம். அதில் 9 இன்ச் வரை தண்ணீர் ஓடினால் மேலே சுமார் 90 லிட்டருக்கு இடம் காலி. கரண்ட் போனதும் சீப்புப் பல்லுக்கு மேலே நிற்கும் தண்ணீரும் ஓவர்ஃப்ளோ பெட்டியில் இருப்பதும் இறங்கும். அது பெரிய அளவல்ல. ஆபத்து ரிட்டர்ன் குழாயில் இருக்கிறது. அதன் வாய் மேல்தொட்டியில் 4 இன்ச் ஆழத்தில் இருந்தால், பம்ப் நின்ற நொடியில் அதே குழாய் தலைகீழாக உறிஞ்ச ஆரம்பித்து, அந்த 4 இன்ச்சையும், அதாவது 75 லிட்டரையும், கீழே கொண்டுவந்துவிடும். 9 இன்ச்சில் ஓடும் சம்ப் இதைத் தாங்கும். "கொஞ்சம் அதிகமாகவே இருக்கட்டுமே" என்று 12 இன்ச் வரை நிரப்பி வைத்தவருக்கு மேலே 60 லிட்டர் இடம்தான் மிச்சம். மீதி ஹாலில்.

தீர்வு எளிது. ரிட்டர்ன் வாயைத் தண்ணீர் மட்டத்துக்கு ஓர் இன்ச்சுக்குள் வையுங்கள், அல்லது குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே 6 மில்லிமீட்டரில் ஒரு துளை போடுங்கள். மட்டம் அந்தத் துளைக்கு இறங்கியதும் காற்று "ஸ்ர்ர்ர்" என்று உள்ளே போய் உறிஞ்சல் அறுந்துவிடும். ஆனால் அந்தத் துளை உயிருள்ள தொட்டியில் இருக்கிறது. பச்சைப் பாசி, ஊதா நிறச் சுண்ணாம்புப் பாசி, சில சமயம் அரிசி அளவு நத்தை என்று ஏதாவது அதை அடைக்கும். மாதம் ஒருமுறை பழைய டூத் பிரஷ்ஷோ கம்பியோ விட்டுக் குடையுங்கள். நான்-ரிட்டர்ன் வால்வு போட்டாயிற்றே என்று நம்பி உட்கார வேண்டாம். உப்பும் கசடும் சேர்ந்தால் அதன் நாக்கு முழுக்க மூடாது. அது இரண்டாவது காவல் மட்டும்.

முதல் நாளே மெயின் சுவிட்சை அணைத்து, எல்லாத் தண்ணீரும் இறங்கி முடிக்கும்வரை நின்று பாருங்கள். பிறகு பம்பைப் போட்டு, ஓடும் மட்டத்தில் சம்ப் கண்ணாடி மேல் ஒரு டேப் ஒட்டுங்கள். வீட்டில் யார் தண்ணீர் விட்டாலும் அந்த டேப்பைத் தாண்டக் கூடாது.

### இறங்கும் குழாய்: ஒன்றா, இரண்டா, மூன்றா

சத்தத்தையும் பாதுகாப்பையும் தீர்மானிப்பது இந்த இடம். புழக்கத்தில் மூன்று முறைகள் உண்டு.

| முறை | துளைகள் | சத்தம் | அடைத்துக்கொண்டால் |
|---|---|---|---|
| டர்சோ | 1 | காற்றும் தண்ணீரும் கலந்து களக் களக் என்று கேட்கும் | மாற்று வழி இல்லை, மேல்தொட்டி வழியும் |
| ஹெர்பி | 2 | கேட் வால்வு சரியாக அமைந்தால் ஏறக்குறைய இல்லை | அவசரக் குழாய் தாங்கும், சத்தம் போட்டு எச்சரிக்கும் |
| பீன் அனிமல் | 3 | இல்லை, தானே சரிசெய்துகொள்ளும் | இரண்டு மாற்று வழி |

நாலடித் தொட்டிக்கு ஹெர்பி போதும் என்பது என் எண்ணம். அதில் ஒரு குழாய் முழுக்கத் தண்ணீர் நிரம்பி ஓடும், மற்றது அவசரத்துக்கு. இரண்டு கட்டாய விதிகள் உண்டு. வால்வு கேட் வால்வாக இருக்க வேண்டும், பால் வால்வில் அந்த நுணுக்கமான திருகல் வராது. இறங்கும் குழாயின் முனை சம்ப் தண்ணீருக்குள் ஓர் இன்ச் மட்டும் முங்கியிருக்க வேண்டும். ஆழமாக முங்கினால், கரண்ட் வந்து பம்ப் ஓட ஆரம்பிக்கும்போது குழாயில் சிக்கிய காற்று வெளியேற முடியாமல் உறிஞ்சலே தொடங்காது. மேல்மட்டம் ஏறி அவசரக் குழாயில் கொட்டத் தொடங்கும். "தினமும் கரண்ட் வந்த பிறகு மட்டும் பாத்ரூம் ஃபிளஷ் சத்தம் கேட்கிறது" என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த முனையை.

துளை போட முடியாத தொட்டிக்கு (டஃபன்ட் கண்ணாடியில் துளை போட்டால் தூளாகிவிடும்) பின்னால் தொங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டி கிடைக்கிறது. கரண்ட் கட்டுக்குப் பிறகு அதன் யூ-குழாயில் காற்று அடைத்தால் தண்ணீர் கீழே இறங்காது, பம்ப் மட்டும் மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். ஆவியான தண்ணீரைத் தானே நிரப்பும் ஆட்டோ டாப்-அப் மாட்டியிருந்தால் இன்னும் மோசம். ரிட்டர்ன் அறை வற்றுகிறதே என்று அது நல்ல தண்ணீரை ஊற்றிக்கொண்டே போகும். மீன் தொட்டியும் வழியும், சாலினிட்டியும் சரியும். தொங்கும் பெட்டிதான் வழி என்றால் டாப்-அப் வாளியைச் சிறியதாக வையுங்கள்.

### ஓட ஆரம்பித்த பிறகு வரும் தொல்லைகள்

மேல்தொட்டியில் பொடிக் குமிழ்கள் மிதப்பது எல்லோரும் கேட்கும் புகார். புது ஸ்கிம்மர் என்றால் ஓரிரு வாரம் பொறுங்கள், அது பழகும்வரை குமிழ் கக்கும். அதற்குப் பிறகும் நிற்காவிட்டால் ரிட்டர்ன் அறையின் மட்டம் தாழ்ந்திருக்கிறதா, இறங்கும் குழாய் தண்ணீருக்கு மேலிருந்து கொட்டுகிறதா, பம்பின் வேகம் தேவைக்கு மேலே இருக்கிறதா என்று இந்த வரிசையில் பாருங்கள். கடைசிதான் பெரும்பாலும் காரணம். 450 லிட்டர் தொட்டிக்கு மணிக்கு 2,000 லிட்டர் சொச்சம் சம்ப் வழியே போனால் ஏராளம். உள்ளே நீரோட்டம் வேண்டுமென்றால் அது வேவ்மேக்கரின் வேலை. பெட்டியில் மணிக்கு 3,000 லிட்டர் என்று போட்டிருப்பது ஏற்றமே இல்லாதபோது தரும் அளவு என்பதையும், நாலைந்து அடி ஏற்றமும் இரண்டு மூன்று எல்போவும் அதில் நல்ல பங்கைத் தின்றுவிடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு பம்ப் வாங்குங்கள்.

ஸ்கிம்மர் ஒரு நாள் வறண்ட நுரை, மறுநாள் தண்ணீராக வழிகிறது என்றால் ஸ்கிம்மரைக் குறை சொல்வதற்கு முன் அது நிற்கும் அறையின் மட்டத்தைப் பாருங்கள். அந்த மட்டம் மாறவே கூடாது. அதற்குத்தான் அந்த அறைக்கு நிலையான உயரத்தில் தடுப்புக் கண்ணாடி. ஆவியாதல் எல்லாம் ரிட்டர்ன் அறையில் மட்டும் தெரிய வேண்டும். அங்கே நன்றாகவே தெரியும்: 4 லிட்டர் ஆவியானால் மேல்தொட்டியின் பரப்பில் அது 6 மில்லிமீட்டர்கூட இல்லை. 7 இன்ச் அகல ரிட்டர்ன் அறையில் 2 இன்ச் இறங்கிவிடும்.

200 மைக்ரான் சாக்கை மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் அடைத்து, தண்ணீர் அதன் தலைமேல் வழிந்து போகும். சோப்புத் தூள் போட்டுத் துவைக்காதீர்கள். மிச்சமிருக்கும் சோப்பு ஸ்கிம்மரைப் பொங்க வைக்கும்.

### கணக்கில் வராத செலவு

சம்ப்பில் கூடும் ஒவ்வொரு 100 லிட்டருக்கும் மூன்றரைக் கிலோவுக்குக் குறையாமல் உப்பு வேண்டும். ஆர்ஓ தண்ணீரும் அந்த அளவுக்குக் கூடும். வீட்டு ஆர்ஓ எந்திரம் அதைத் தர நாள் கணக்காகும், அதில் கழிவாகப் போகும் தண்ணீர் தனி. யூனியன், டேங்க் கனெக்டர், கேட் வால்வு என்று பிவிசி சாமான்கள் தனித்தனியே பார்த்தால் சில்லறை, கூட்டினால் ஒரு மீன் விலை. மாடி வீடு என்றால் எடையையும் பாருங்கள். தண்ணீர், கல், கண்ணாடி, ஸ்டாண்ட், சம்ப் எல்லாம் சேர்ந்து 600 கிலோவைத் தாண்டும். அறையின் நடுவில் வைக்காமல், கீழே பீம் ஓடும் சுவரோரமாக வைக்க வேண்டும்.

ஸ்டாண்டுக்குள் உப்புப் படிவதையும் செலவில் சேருங்கள். மூடிய அலமாரிக்குள் ஈரம் தேங்கி, கீல், ஸ்குரூ, பிளக் எல்லாவற்றிலும் வெள்ளையாக உப்புப் பூக்கும். பிளக் போர்டைச் சம்புக்குப் பக்கத்தில் படுக்க வைக்காமல் உயரத்தில் மாட்டுங்கள். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கிவிட்டு மேலே ஏறட்டும். வழியும் சொட்டு அந்த வளைவிலேயே விழுந்துவிடும்.

## மூன்று: சம்ப் + ரெஃப்யூஜியம்

அதே சம்ப்பின் நடு அறையில் விளக்குப் போட்டுப் பாசி வளர்ப்பதுதான் ரெஃப்யூஜியம். மீன் நுழையாத இடம் என்பதால் பொடி உயிர்களும் அங்கே பெருகும். விற்பவர்கள் மூன்று லாபங்களை ஒன்றாகக் கட்டிச் சொல்வார்கள். தனித்தனியாக எடை போட்டால் மூன்றும் ஒரே எடை இல்லை.

நைட்ரேட், பாஸ்பேட்டை இழுப்பது முதல் லாபம். சீட்டோ பாசி, சிக்கலாகக் கிடக்கும் பச்சை நைலான் நூலைப் போலத்தான் இருக்கும். வளரும்போது இரண்டையும் உறிஞ்சும், நீங்கள் பாதியைப் பிய்த்து வெளியே போடும்போதுதான் அவை தொட்டியை விட்டுப் போகும். பிய்க்காவிட்டால் லாபம் பூஜ்யம். அளவும் முக்கியம். மேலே சொன்ன மூன்றடிச் சம்ப்பில் நடு அறைக்கு ஓரடி ஒதுக்கினால் 30 லிட்டர் சொச்சம் வரும். 450 லிட்டர் தொட்டியின் மொத்தச் சுமையையும் அது இழுத்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தண்ணீர் மாற்றுவதைக் குறைக்கலாம், நிறுத்த முடியாது.

பாட்ஸ் எனும் அந்தப் பொடி உயிர்கள் இரண்டாவது. என் கண்ணில் ரெஃப்யூஜியத்துக்கு இதுவே சரியான காரணம். விளக்கு அணைந்த பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள் வெடுக் வெடுக்கென்று நகரும், அவை கோபிபாட். பாசியை லேசாக உலுக்கினால் முதுகு வளைந்து பக்கவாட்டில் துள்ளி ஓடுவது ஆம்ஃபிபாட். மாண்டரின் மீன் நாள் முழுக்க இவற்றையே கொத்தித் தின்னும். பல மாண்டரின்கள் உலர் தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. கடலிலிருந்து வந்த கல் இல்லாமல் செயற்கைக் கல்லில் தொடங்கும் நம்மைப் போன்றவர்களின் தொட்டியில் பாட்ஸ் தானாக முளைக்காது. வாங்கியோ, நண்பர் தொட்டிப் பாசியோடு சேர்த்தோ விட வேண்டும், பெருக மாதக்கணக்கில் நேரம் தர வேண்டும். மாண்டரின் வைக்கும் ஆசை இருந்தால் முதலில் ரெஃப்யூஜியம், அது நன்றாகப் பிடித்த பிறகே மீன்.

மூன்றாவது, இரவில் பிஎச் சரியாமல் காப்பது. மேல் விளக்கு அணைந்ததும் கீழ் விளக்கு எரிந்தால் பாசி கார்பன் டை ஆக்சைடை இழுத்து பிஎச்சைத் தாங்கும். உண்மைதான். ஆனால் ஏசி போட்டு அடைத்த அறையில் ஆட்கள் விடும் மூச்சால் பிஎச் இறங்குகிறதென்றால், ஜன்னலைக் கொஞ்சம் திறப்பதோ ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை வெளியே நீட்டுவதோ மலிவான வழி. இதற்காக மட்டும் ரெஃப்யூஜியம் கட்டாதீர்கள்.

### பாசி வளராதபோது

சீட்டோ வெளுத்து, தொட்டால் கரைந்து போனால் இரண்டு காரணங்களில் ஒன்று. வெளிச்சம் போதவில்லை அல்லது தின்ன எதுவும் இல்லை. டெஸ்ட் கிட்டில் நைட்ரேட் 5 பிபிஎம்முக்கு மேலே, பாஸ்பேட் 0.05 பக்கத்தில் காட்டியும் வளரவில்லை என்றால் விளக்கை மாற்றுங்கள். அலங்கார எல்இடி பட்டை போதாது, 20 முதல் 30 வாட் செடி வளர்ப்பு விளக்கு வேண்டும். 30 வாட் விளக்கு தினம் 12 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாத பில்லில் 22 யூனிட்.

இரண்டு அளவும் பூஜ்யம் காட்டினால் பாசி பட்டினி கிடக்கிறது என்று பொருள். புதுத் தொட்டியில், நாலு சின்ன மீனோடு, ஆரம்பத்திலேயே ரெஃப்யூஜியம் ஓட்டுபவர்களுக்கு இது வரும். தண்ணீர் மிகச் சுத்தமாகிவிட்டதே என்று மகிழ வேண்டாம். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அடியோடு இல்லாத தொட்டியில்தான் டைனோ என்கிற பழுப்புச் சளி, குமிழ் கோத்துக்கொண்டு மணல்மேல் படர வாய்ப்பு அதிகம். அதை விரட்டுவது நைட்ரேட்டைக் குறைப்பதைவிடப் பல மடங்கு கஷ்டம். முதல் வருஷம் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

பாசிமேல் கருஞ்சிவப்புச் சளி படிந்தால் ஓட்டம் மந்தம், நடுவில் கசடு தேங்கியிருக்கிறது. உருண்டையை எடுத்துக் கடல்நீரில் அலசி, உதறி, புரட்டிப் போடுங்கள். பிய்ந்த நூல்கள் அடுத்த அறைக்குப் போய் ரிட்டர்ன் பம்பின் இம்பெல்லரில் சுற்றிக்கொள்வதும் வழக்கம். பம்ப் சத்தம் மாறினால் அங்கே பாருங்கள். தடுப்பில் ஒரு பிளாஸ்டிக் வலைத் துண்டைச் செருகினால் நிற்கும், ஆனால் அந்த வலையும் அடைக்கும். வாரம் ஒருமுறை துடைக்காவிட்டால் நடு அறை பொங்கி மேலே வழியும்.

வெளிச்சக் கசிவைப் பலர் கவனிப்பதில்லை. நடு அறை விளக்கு பக்கத்து அறைகளுக்கும் தெரிந்தால் ஸ்கிம்மர் உடம்பு, பம்ப், குழாயின் உட்புறம் எல்லாம் பாசி பிடிக்கும். இரு தடுப்புக் கண்ணாடிகளிலும் வெளிப்பக்கம் கறுப்புத் தாள் ஒட்டுங்கள்.

காலெர்பா என்கிற திராட்சைப் பாசி அழகாக இருக்கும், வேகமாகவும் வளரும். வேண்டாம். திடீரென்று ஒரே இரவில் இனப்பெருக்கத்துக்குப் போய், இலையெல்லாம் கண்ணாடியாக வெளுத்து, உறிஞ்சி வைத்ததை எல்லாம் தண்ணீரில் கொட்டிவிடும். தொட்டி பாலாக மாறி, ஆக்ஸிஜன் விழும். சீட்டோவில் இந்தத் தொல்லை கிடையாது. மணலை நாலு முதல் ஆறு இன்ச் உயரத்துக்குப் போடும் பழைய முறையும் 30 லிட்டர் அறைக்குத் தேவையில்லை. அடியில் காற்றில்லாத இடத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைட் என்ற நச்சு வாயு சேரும், பிறகு அந்த அறையைக் கிளறவே பயப்பட வேண்டியிருக்கும்.

பிய்த்த பாசியைக் கால்வாயிலோ கடலிலோ போடாதீர்கள். 1984-ல் மொனாக்கோ கரையில் தென்பட்ட காலெர்பா டாக்ஸிஃபோலியா மத்தியதரைக் கடலில் பரவிய கதை பழையது. நம் பக்கத்திலேயே, மண்டபம் பகுதியில் வளர்ப்புக்குக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசி குருசடைத் தீவின் பவளங்கள்மேல் படர்ந்தது 2008-ல் பதிவாகியிருக்கிறது. வெயிலில் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.

## ஸ்கிரப்பரும் ரியாக்டரும்

ஸ்மித்சோனியனின் வால்ட்டர் ஏடி உருவாக்கிய முறையின் வாரிசுகள் ஸ்கிரப்பர்கள். விளக்கு படும் சொரசொரப்பான திரைமேல் தண்ணீரை ஓடவிட்டுப் பாசியைச் சுரண்டி எடுப்பது. இடம் குறைவு, இழுப்பு அதிகம். பாட்ஸுக்கு வாழ இடமில்லை, வாரா வாரம் சுரண்டியே ஆக வேண்டும். சீட்டோ ரியாக்டர் என்பது அதே பாசியை மூடிய குழாய்க்குள் வளர்ப்பது. ஸ்டாண்டில் இடமே இல்லாதவர்கள் மட்டும் இவற்றைப் பார்க்கலாம்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | பின்னறைத் தொட்டி | சாதா சம்ப் | சம்ப் + ரெஃப்யூஜியம் |
|---|---|---|---|
| கரண்ட் கட் | பயமில்லை | கணக்குப் போட்டால் பயமில்லை | அதேதான், வலை அடைத்தால் கூடுதல் ஆபத்து |
| நீர்மட்டம், சாலினிட்டி | தினமும் கவனிக்க வேண்டும் | டாப்-அப் இருந்தால் நிலையானது | நிலையானது |
| அதிகத் தீனி | தாங்காது | ஸ்கிம்மரும் நீர் மாற்றமும் தாங்கும் | நன்றாகத் தாங்கும் |
| பாட்ஸ் தின்னும் மீன் | வேண்டாம் | சிரமம் | பொருத்தம் |
| கைவேலை | குறைவு, ஆனால் கை நுழையாது | சாக், ஸ்கிம்மர் கோப்பை | அதோடு பாசி பிய்ப்பது, அலசுவது |
| சத்தம் | குறைவு | குழாய் முறையைப் பொறுத்தது | அதேதான் |
| கூடுதல் மின்சாரம் | மிகக் குறைவு | ரிட்டர்ன், ஸ்கிம்மர் பம்ப் | அதற்கு மேல் விளக்கு |
| புதுத் தொட்டிக்கு | ஏற்றது | ஏற்றது | அவசரம் |

## யார் எதை எடுக்கலாம்

தொட்டிக்கு அதிக நேரம் ஒதுக்க முடியாத, அடிக்கடி வெளியூர் போகிறவர் நாலடித் தொட்டி ஆசையைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பின்னறைத் தொட்டியில் தொடங்கலாம். ஊருக்குப் போகும் நாட்களில் தண்ணீர் விடப் பக்கத்து வீட்டில் ஒருவர் மட்டும் வேண்டும்.

முதல் நாளிலிருந்தே ரெஃப்யூஜியம் ஓட்டலாம் என்று நான் சொல்பவர்கள் இரண்டு வகை. பழைய தொட்டியை மாற்றிப் பெரிதாக்குகிறவர்கள், அவர்களிடம் ஊறிய கல்லும் மீனும் தீனிச் சுமையும் ஏற்கெனவே இருக்கிறது. நைட்ரேட் 40, 50 என்று ஏறி, தண்ணீர் மாற்றியே களைத்தவர்கள் இன்னொரு வகை. ஆனால் இவர்களும் முதலில் சாக்கை ஒழுங்காக மாற்றுகிறோமா, தீனியை அளந்து போடுகிறோமா என்று பார்த்துவிட்டுப் பாசிக்குப் போகலாம். அழுக்குச் சாக்கில் அழுகும் தீனியைச் சீட்டோவால் துரத்திப் பிடிக்க முடியாது.

மற்றவர்கள் சாதா சம்ப்புக்குக் கண்ணாடி வெட்டச் சொல்லும்போது 36 இன்ச்சை இப்படிப் பிரிக்கச் சொல்லுங்கள்: சாக்கும் ஸ்கிம்மரும் நிற்க 14, காலி நடு அறைக்கு 12, குமிழ்த் தடுப்புக்கு 3, ரிட்டர்ன் பம்புக்கு 7. ஸ்கிம்மரின் உயரத்தை வாங்குவதற்கு முன்பே அளந்து, அதன் கோப்பையைக் கழற்றி எடுக்க மேலே இடம் விட்டு ஸ்டாண்டின் உயரத்தை முடிவு செய்யுங்கள். ரிட்டர்ன் அறையைப் பெரிதாக்கச் சொல்லி யார் ஆசை காட்டினாலும் 7-ஐத் தாண்ட வேண்டாம். மேலே குழாய் அடைத்த நாளில் பம்ப் ஏற்றப்போவது அந்த அறையின் 18 லிட்டரைத்தான், மேல்தொட்டியில் விளிம்புக்குக் கீழே விட்டிருக்கும் ஓர் இன்ச் அதை வாங்கிக்கொள்ளும். ரெஃப்யூஜியம் வரும்வரை நடு அறையில் ஹீட்டரோ மீடியா பையோ கிடக்கட்டும். அந்த அறைக்கு நேர் மேலே, தண்ணீர் தெறிக்காத உயரத்தில், டைமர் செருக ஒரு பிளக் பாயின்ட்டையும் கூடுதலாக விட்டு வையுங்கள்.